முப்பத்தொன்பது தயிரும் ஒரு பாலும்

“இந்த விரலைப் பாருங்க மேடம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?”

ஆய்வுக்கூட உதவியாளர் பயிற்சி நிலையத்தின் முதல்வர், மேஜைக்கு எதிரே நின்றிருந்த, ரசாயன அறைப் பொறுப்பாளரான ஸ்டோர் அம்மாவின் கையை எட்ட இருந்தே சுட்டிக்காட்டினார். வலது கைக் கட்டை விரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் நுனியில் கறுத்திருந்தன. ஸ்டோர் அம்மா கையை முந்தானைக்குள் மறைக்கப் போய், பிறகு வேண்டுமென்றே வெளியே எடுத்து வைத்துக்கொண்டார்.

“சில்வர் நைட்ரேட் பட்டா தோல் கறுத்துப் போகும். காணாமப் போனதும் அதுதான். அரைக் கிலோ. வெள்ளி விக்கிற விலையில அது சும்மா உப்பு இல்லை மேடம். கையும் களவுமா...”

“கையும் கறுப்புமா” என்றான் வால்.

சித்தி திரும்பிப் பார்க்காமலே அவன் காலை மிதித்தாள். முப்பத்திரண்டு வயதாகி, முன்மண்டையில் முடியும் கொட்டிவிட்ட ஒருவனை வால் என்று கூப்பிடுவதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. சித்தி போகுமிடமெல்லாம் பின்னாலேயே போவான் என்பது ஒன்று. மற்றது, அவன் வாய். இருபது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திவிட்டு, ஊரார் தப்பையெல்லாம் கூலிக்குத் திருத்தியது போதும், இனி சொந்தமாகக் கண்டுபிடிப்போம் என்று துப்பறியும் நிலையம் ஆரம்பித்தவள் சித்தி. அக்கா மகனை உதவிக்கு வைத்துக்கொண்டது அவள் திருத்தாமல் விட்ட ஒரே பிழை என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள்.

“இருபத்திரண்டு வருஷமா அந்த உப்பை எடுத்துக் கொடுக்கிறவங்க விரல் வேற என்ன நிறத்துல இருக்கும் சார்?” என்றாள் சித்தி. “மாவு மில்காரர் தலை வெளுத்திருக்குன்னு அவரைப் பிடிச்சு உள்ளே வைப்பீங்களா? வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க.”

இருந்தது. அதைச் சொல்ல வேதியியல் ஆசிரியர் ஒரு அடி முன்னால் வந்தார். கெமிஸ்ட்ரி மாஸ்டர் என்றுதான் அங்கே எல்லோரும் அவரைச் சொன்னார்கள். மடிப்புக் கலையாத சட்டை, வார்த்தையும் அப்படியே.

“போன வாரம் முழுக்க இந்த அம்மா லீவு. மகளுக்குப் பிரசவம். ஸ்டோர் சாவி என்கிட்ட இருந்தது. திங்கட்கிழமை காலையில வந்ததும் வாங்கிக்கிட்டாங்க. அன்னிக்கு மத்தியானம் முதல் பிரிவுக்குச் செய்முறை வகுப்பு. இவங்க கொடுத்த புட்டியில இருந்துதான் கரைசல் தயார் பண்ணினேன். முன்மேஜையில நானே செஞ்சும் காட்டினேன். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ரெண்டே சொட்டு. வெள்ளையா தயிர் மாதிரி திரண்டு விழுந்தது.”

“அதே புட்டியா?”

“அதே புட்டிதான் மேடம். புகார்க் கடிதத்துல எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கேன்.” அவர் ஒரு தாளை நீட்டினார். “வெள்ளிக்கிழமை ரெண்டாவது பிரிவு. அதே புட்டி, அதே ஆசிட். லேசா மங்கலாச்சு, அவ்வளவுதான். புட்டிக்குள்ள இருந்தது ஏதோ ரெண்டுங்கெட்டான் வெள்ளை உப்பு. ஆக, திங்கட்கிழமை மத்தியானத்துக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க. அந்த நாலு நாளும் சாவி யார் இடுப்புல இருந்தது?”

எல்லோரும் ஸ்டோர் அம்மாவின் இடுப்பைப் பார்த்தார்கள்.

“என் இடுப்புலதான் இருந்தது” என்றார் அவர். “குளிக்கும்போதுகூட கழட்டலை. அதனாலதான் சொல்றேன், யாரும் எடுத்திருக்க முடியாது. நானும் எடுக்கலை.”

இப்படி உண்மையைச் சொல்லித் தன் கழுத்தில் தானே சுருக்கைப் போட்டுக்கொள்ளும் கட்சிக்காரரை வால் அதுவரை பார்த்ததில்லை. காலையில் சித்தியின் வீட்டு வாசலில் வந்து நின்றபோதும் இந்த அம்மா அழவில்லை. “பேரன் பொறந்த சந்தோஷத்துல வேலைக்கு வந்தேன். அஞ்சு நாள்ல திருடின்னு நோட்டீஸ் போர்டுலயே ஒட்டிட்டாங்க. போலீஸ் வீட்டுக்கு வந்தா என் மாப்பிள்ளை முகத்துல நான் எப்படி முழிப்பேன்?” என்று மட்டும் கேட்டார்.

“நாற்பது பேர் நோட்டும் இதோ இருக்கு” என்று முதல்வர் ஒரு கட்டைத் தள்ளினார். “எல்லாரும் அன்னிக்கே எழுதினது. அத்தனை பேரும் பொய்யா சொல்வாங்க? இப்போ மணி மூணு. அஞ்சு மணி வரைக்கும் பொறுக்கிறேன். அப்புறம் போலீஸுக்குப் போன் பண்ணிடுவேன்.”

ஸ்டோர் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் நோட்டுக் கட்டு பிரிந்தது. சித்தி பழைய பழக்கத்தில் சுண்டுவிரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தினாள். பத்து நோட்டு. இருபது நோட்டு. வால் எதிரே உட்கார்ந்து கொட்டாவி விட்டான்.

“சித்தி, ஒண்ணு படிச்சாலே போதுமே. எல்லாம் ஒரே வரிதான். ‘தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு கிடைத்தது. அது அம்மோனியா கரைசலில் கரைகிறது.’ நாற்பது பேர் வீட்லயும் ஒரே உறைமோர் ஊத்தின மாதிரி இருக்கு.”

“நீ எப்படிடா எழுதுவே வீழ்படிவுன்னு?”

“வீ, ழ், படிவு. விழுகிற படிவு. கீழே விழுறதால வீழ். சின்ன வயசுல நீங்கதானே தலையில குட்டிச் சொல்லிக்கொடுத்தீங்க?”

“இங்கே பார்.”

வால் குனிந்து பார்த்தான். ‘வீள்படிவு.’ அடுத்த நோட்டிலும் ‘வீள்படிவு.’ அதற்கடுத்ததிலும் அதேதான். முத்து முத்தாக எழுதியவள் நோட்டிலும் அந்த ‘ள்’ இருந்தது, கோழி கிண்டினாற்போல் எழுதியவன் நோட்டிலும் அந்த ‘ள்’ இருந்தது.

“தப்பு விடுறது மனுஷ இயற்கை” என்றாள் சித்தி. “நாற்பது பேர் நாற்பது விதமா தப்பு விட்டா, அவங்கவங்க சொந்தமா எழுதினாங்கன்னு அர்த்தம். எல்லாரும் ஒரே இடத்துல ஒரே தப்பை விட்டா?”

“ஒரே இடத்தைப் பார்த்து எழுதியிருக்காங்க. கரும்பலகை!”

சித்தி மாஸ்டரின் புகார்க் கடிதத்தை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவது வரியில், மடிப்புக் கலையாத கையெழுத்தில், அதே ‘வீள்படிவு’.

“ஆக, நாற்பது சாட்சி இல்லைடா. ஒரே சாட்சி. மத்தவங்க எல்லாம் நகல்.”

“நாற்பது இல்லை சித்தி, முப்பத்தொன்பது.” கடைசி நோட்டு வாலின் கையில் இருந்தது. “இந்த ஆள் ஒருத்தர் மட்டும் வேற மாதிரி எழுதியிருக்கார். மாஸ்டர் சிவப்பு மையில முட்டை போட்டு, ‘தவறு, புத்தகத்தைப் படி’ன்னு வாழ்த்தும் எழுதியிருக்கார்.”

அந்த நோட்டில் பெரிய பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: ‘ஆசிட் ஊத்தினேன். தயிர் எதுவும் வரலை. தண்ணி ஊத்தின பால் மாதிரி லேசா கலங்கிச்சு. அதோட சரி.’

சித்தி அந்த நோட்டை எடுத்து மூடி, பைக்குள் வைத்தாள். “யாருடா இந்த மகராசன்?”

மகராசன் இரண்டு தெரு தள்ளிப் பால் கடை வைத்திருந்தார். நாற்பத்தெட்டு வயது. பால் சோதனைக் கூடத்தில் வேலைக்குப் போக வேண்டும், அதற்குச் சான்றிதழ் வேண்டும் என்பதற்காக, தன் மகள் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறவர். முட்டை மார்க்கைப் பற்றிக் கேட்டதும், அளந்துகொண்டிருந்த பாலை அப்படியே வைத்துவிட்டார்.

“கேளுங்கம்மா இந்த அநியாயத்தை! இருபது வருஷமா பால் ஊத்தறேன். தயிருக்கும் தண்ணிப் பாலுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?”

“தண்ணிப் பாலைப் பத்தி உங்களைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?” என்றான் வால்.

“தம்பி, அதெல்லாம் எங்க அப்பா காலம்.”

“மாஸ்டர் முன்னால செஞ்சு காட்டினப்போ தயிர் வந்ததுன்னு சொல்றாரே. நீங்க பார்க்கலையா?” என்று கேட்டாள் சித்தி.

“மத்தியானக் கறவையை வாங்கி வச்சிட்டுப் போறதுக்குள்ள அரைமணி நேரம் லேட்டு. நான் போனப்போ அவர் காட்டி முடிச்சு, போர்டுலயும் எழுதிட்டு, டீ குடிக்கக் கிளம்பிட்டார். நானா செஞ்சேன். வரலை. பக்கத்துல இருந்த பொண்ணுக்கும் வரலை. ‘அண்ணே, நமக்குக் கை ராசி இல்லை. போர்டுல இருக்கிறதை எழுதிடுங்க, இல்லைன்னா மார்க்கு போயிடும்’னு சொல்லிச்சு. வராததை வந்துச்சுன்னு எப்படிம்மா எழுதுறது? மாஸ்டர்கிட்ட குழாயைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கலை. எனக்கு வந்த கோபத்துல...”

அவர் அலமாரியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே தக்கை போட்டு இறுக மூடிய சோதனைக் குழாய் ஒன்று இருந்தது. அதில் அவருடைய வரிசை எண் ஒட்டியிருந்தது. தெளிந்த நீர், அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு.

“முதல்வர்கிட்ட காட்டி மார்க்கு வாங்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். அவரைப் பார்க்கவே விடமாட்டேங்கிறாங்க.”

சித்தியின் முகத்தில் வந்த சிரிப்பை வால் பார்த்தான். அச்சாகி விற்பனைக்கும் போய்விட்ட புத்தகத்தில், அட்டையிலேயே பிழை கண்டுபிடித்த நாளில்தான் சித்தி அப்படிச் சிரிப்பாள்.

“வாங்க, இப்போ பார்க்க விடுவாங்க” என்றாள்.

ஆய்வுக்கூடத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி நாலே முக்கால். முதல்வர் கையில் போனோடு நின்றார். செய்தி பரவி, பயிற்சி மாணவர்கள் ஜன்னலுக்கு வெளியே கூடிவிட்டார்கள். சித்தி நோட்டுகளையும் கடிதத்தையும் காட்டி, ‘ள்’ கதையைச் சொன்னாள். முதல்வர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அந்தச் சொல்லில் என்ன தப்பு என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. பிறகு பால்காரர் தன் குழாயை மேஜைமேல் வைத்தார்.

மாஸ்டர் அசரவில்லை. குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

“எழுத்துப் பிழைக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன் மேடம். எழுதத் தெரியாதவங்களுக்குப் போர்டுல எழுதிப் போடுறது வழக்கம். ஆனா இந்தக் குழாய் எதையும் நிரூபிக்காது. மேஜைமேல மூணு ஆசிட் இருக்கும். ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக், சல்ஃப்யூரிக். மூணும் பார்க்கத் தண்ணி மாதிரிதான். முதல் ஆசிட்டுக்கு மட்டும்தான் தயிர். நைட்ரிக்கை ஊத்தினா ஒண்ணும் விழாது. இவர் லேட்டா வந்த அவசரத்துல மாத்தி ஊத்தியிருக்கார்.”

“அப்படின்னா லேசா கலங்கிச்சே, அது?” என்றான் வால்.

“குழாயைக் குழாய்த் தண்ணியில கழுவியிருப்பார். அந்தத் தண்ணியில இருக்கிற உப்பே போதும், சில்வர் நைட்ரேட் கொஞ்சம் கலங்கும். தண்ணி ஊத்தின பால் மாதிரின்னு அவரே அழகா எழுதியிருக்காரே! அந்தக் கலங்கல்தான் வெளிச்சம் பட்டுக் கறுத்து அடியில நிக்குது. இதுவே என் புட்டி நல்ல புட்டின்னு சாட்சி சொல்லுது சார்.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ ‘அட!’ என்றார்கள். வால் சித்தியின் பக்கம் நகர்ந்தான். தாங்கள் தூக்கிக்கொண்டு ஓடிவந்த குழாய் எதிராளிக்கே சாட்சி சொன்னால், அது வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். பால்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “குழாய்த் தண்ணியிலதான் கழுவினேன்” என்று அவர் வேறு ஒப்புக்கொண்டார். ஸ்டோர் அம்மா மட்டும் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க சொல்றது ரொம்பச் சரி மாஸ்டர்” என்றாள் சித்தி. “எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. ஒரே ஒரு சந்தேகம். இவர் மாத்தி நைட்ரிக்கை ஊத்தியிருந்தா, அந்தச் சில்வர் எங்கே போயிருக்கும்?”

“எங்கேயும் போகாது. கரைசல்லயே இருக்கும்.”

“இப்பவும் இருக்கும்?”

“இருக்கும்...” மாஸ்டர் அந்தச் சொல்லைப் பாதியிலேயே விழுங்கப் பார்த்தார். அது வெளியே வந்துவிட்டது.

“அப்போ சரியான ஆசிட்டை இப்போ ஊத்தினா, தயிர் இப்போ விழணும். இல்லையா?”

முதல்வர்தான் “விழணும்” என்றார். அவரும் ஒரு காலத்தில் கெமிஸ்ட்ரி படித்தவர்தான். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டதை வால் கவனித்தான்.

ஸ்டோர் அம்மா தானே போய் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியைக் கொண்டுவந்தார். அதன் சீட்டை முதல்வருக்குக் காட்டினார், மாஸ்டருக்கும் காட்டினார், ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் காட்டினார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். தக்கையைத் திறந்து, கறுத்த விரல்களால் சொட்டுக் குழலைப் பிடித்து, ஒரு சொட்டு விட்டார்.

ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது சொட்டு. மூன்றாவது. பத்து சொட்டு விட்டும் குழாயில் இருந்த நீர், பச்சைத் தண்ணீராகவே நின்றது. பால்காரர் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “ஒரு பொட்டுகூட இல்லை” என்றார்.

“நைட்ரிக்கும் இல்லை, கை ராசியும் இல்லை” என்றாள் சித்தி. “திங்கட்கிழமையே அந்தப் புட்டியில சில்வர் இல்லை. உள்ளே இருந்ததைக் கொட்டிட்டு வேற உப்பை நிரப்பினவங்க, புட்டியைக் கழுவ மறந்துட்டாங்க. ஓரத்துல ஒட்டிக்கிட்டிருந்த மிச்சம்தான் அந்தத் தண்ணிப் பால். ஆக, இந்த அம்மா லீவுல இருந்த வாரத்துலயே வேலை முடிஞ்சாச்சு.”

“அப்படியே இருக்கட்டும்!” மாஸ்டரின் குரல் உயர்ந்தது. “அந்த வாரம் சாவி என் மேஜை டிராயர்லதான் கிடந்தது. பூட்டுகூட இல்லை. போறவன் வர்றவன் யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம். நான்தான் எடுத்தேன்னு எப்படிச் சொல்வீங்க?”

“நான் எங்கே சொன்னேன்?” சித்தி கடிதத்தைப் பிரித்து மூன்றாவது வரியின் அடியில் சுண்டுவிரலை வைத்தாள். “நீங்கதான் சொல்லியிருக்கீங்க. ‘அதே புட்டியிலிருந்து நானே செய்து காட்டினேன். தயிர் போன்ற வெண்ணிற வீள்படிவு கிடைத்தது.’ கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கு. வகுப்பே பார்த்திருக்கு. புட்டியில சில்வரே இல்லை, ஆனா உங்க குழாய்ல மட்டும் தயிர். பால் இல்லாத வீட்ல தயிர் எங்கிருந்து மாஸ்டர் வந்தது?”

ஜன்னலுக்கு வெளியே இருந்து ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி வந்தது. “சார், அன்னிக்கு நீங்க செஞ்சது உங்க பையில இருந்து எடுத்த சின்னப் புட்டியை வச்சுத்தானே? நாங்க அதுவும் ஸ்டோர்ல வாங்கினதுதான்னு நினைச்சோம்.”

மாஸ்டர் பக்கத்தில் இருந்த முக்காலியைக் கையால் தடவி, அதில் உட்கார்ந்தார். புட்டி திங்கட்கிழமை நல்லபடியாக இருந்தது என்று ஊரை நம்பவைப்பதற்காக எடுத்து வைத்துக்கொண்ட ஒரு சிட்டிகை, அவரையே காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தத் தயிரைக் காட்டாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அவர் தப்பித்திருப்பார்.

“மீதி எங்கே?” என்றார் முதல்வர்.

“ஸ்கூட்டர் பெட்டியில. கண்ணாடிக்கு ரசம் பூசுற கடைக்காரர் திங்கட்கிழமை வாங்கிக்கிறேன்னு சொல்லியிருந்தார்.”

“முன்கூட்டியே சொன்னதுக்கு நன்றி” என்றான் வால். “திங்கட்கிழமைன்னாலே உங்களுக்கு ஆகாது சார்.”

வாலும் பால்காரரும் போய்ப் பெட்டியைத் திறந்து, துணி சுற்றிய பழுப்புப் புட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். மாஸ்டரை அலுவலக அறையில் உட்காரவைத்தார்கள். எல்லாம் முடிந்தபோது முதல்வர் ஸ்டோர் அம்மாவின் முன்னால் வந்து நின்று, தொண்டையைக் கனைத்தார்.

“என்னம்மா, ஏதோ நடந்தது நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காதீங்க.”

“மனசுல வச்சுக்கலை சார். பேப்பர்ல கொடுங்க” என்றார் ஸ்டோர் அம்மா. “என்னைத் திருடின்னு நோட்டீஸ் போர்டுல பேப்பர்லதானே ஒட்டினீங்க?”

முதல்வர் மேஜையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். ஸ்டோர் அம்மா அதைச் சித்தியிடம் நீட்டினார். சித்தி படித்தாள்: ‘நடந்த நிகழ்வுக்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.’

“யாரால சார் தெரிவிக்கப்படுது?” என்று கேட்டார் ஸ்டோர் அம்மா.

முதல்வர் தாளை வாங்கிக் கிழித்துவிட்டு, வேறொன்று எழுதினார். ‘நிர்வாகத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம்.’

“கொள்கிறோம்னு போட்டிருக்கீங்க. எத்தனை பேர் சார் என்னைத் திருடின்னு சொன்னீங்க?”

ஜன்னலுக்கு வெளியே சிரிப்பு எழுந்து அடங்கியது. முதல்வரின் காது மடல் சிவந்துவிட்டது. அவர் மூன்றாவது தாளை எடுத்தார். பிறகு மெதுவாக, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி எழுதி நீட்டினார்.

ஸ்டோர் அம்மா அதை வாங்கவில்லை. ஜன்னல் கதவுகளை நன்றாகத் திறந்து வைத்தார். வெளியே நின்றவர்களைக் கிட்டே வரச் சொன்னார். பிறகு முதல்வரிடம் திரும்பி, “நான் கண்ணாடி கொண்டுவரலை சார். நீங்களே சத்தமா படிச்சிடுங்க” என்றார்.

முதல்வர் எழுந்து நின்று படித்தார். “நான் இந்த அம்மாவைத் திருடி என்று சொன்னேன். அது பொய். தப்பு என்னுடையது.”

ஸ்டோர் அம்மா அப்போதுதான் அழுதார். காலையிலிருந்து அடக்கிவைத்த அழுகை, தோள் குலுங்க வந்தது.

அவருடைய கண்ணாடி கயிற்றில் கோத்துக் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்ததை வால் பார்த்தான். சொல்வதற்கு ஒரு நல்ல வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவன் வாயை மூடிக்கொண்டு, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.